அடித்த பக்கம்

பத்தொன்பது வருஷமாகக் குறை கண்டுபிடித்தே சோறு தின்ற மனுஷி கலாமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் அவளுக்கு. தைத்து வந்து குவிகிற பீஸை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்பக்கம் திருப்பி, தோள், கழுத்து, கை, கீழ்மடிப்பு என்று கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ தென்பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தூக்கிப் போட வேண்டும். அப்படிப் பழகின கண் பரீட்சை ஹாலுக்குள் வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கரும்பலகை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, மூன்றாவது ஃபேனுக்கு ஒரு இறக்கை மட்டும் புதுசு, மேற்பார்வைக்கு வந்திருக்கிற மேடத்தின் சேலைக்கு ஃபால்ஸ் வேறு கலர் நூலில் தைத்திருக்கிறது, எல்லாம் பார்த்தாயிற்று. பார்த்து முடித்துக் கீழே குனிந்தால் தன் மேலேயே கண் விழுந்தது. இடது ஜாக்கெட் கையின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. கைப்பைக்குள் எப்போதும் நாலைந்து ஸ்டிக்கர் திரிந்துகொண்டிருக்கும், ஹால் டிக்கெட் எடுக்கும்போது தொற்றிக்கொண்டு வந்திருக்கும். ஒட்டினதுதான் ஒட்டியது, அந்தப் பக்கம் திரும்பி ஒட்டக் கூடாதா? கூர்முனை அவளைப் பார்த்தே நின்றது. அடக் கிரகமே, ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியா என்று பிய்க்கப் போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கம்பெனியில் அது ஒரு கட்டுத்திட்டம். அம்பை ஒட்டினவள் பிய்க்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்து பார்த்துத்தான் பிய்ப்பார். ஒட்டின அம்பைத் தானே பிய்த்தால், இவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை என்று டேபிள் முழுக்கச் சிரிக்கும். கலாமணி பத்தொன்பது வருஷத்தில் ஒரு அம்பைக்கூடத் திரும்ப எடுத்ததில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கேள்வித்தாளை வாங்கினாள்.

ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பில் பேப்பர் மூன்று, உடலியலும் முதலுதவியும். செய்முறை மார்க்கோடு சேர்த்து நூற்றுக்கு நாற்பது எடுத்தால் போதும். மற்ற நாலு பேப்பரும் முதல் தடவையிலேயே தேறியவள்தான், இதிலே மட்டும் இரண்டு தடவை போயாயிற்று. ஒரு பேப்பருக்கு மூன்று வாய்ப்பு, அதற்கு மேல் இல்லை, மறுபடியும் முதலிலிருந்து சேர்ந்து ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்பது சமுதாயக் கல்லூரியின் விதி. நாற்பத்து மூன்று வயசில் ஒரு தடவை ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கியதே பெரும்பாடு, இன்னொரு தடவை பிடுங்குகிற தெம்பு அவளிடம் இல்லை. அது அவளுக்கே தெரியும். பயிற்சிக்குப் போயிருந்த ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸம்மா சொல்லியிருக்கிறார், சர்டிபிகேட்டைக் கொண்டு வாங்க, ஜூன் ஒன்னாந்தேதி வார்டுல நில்லுங்க என்று. ஆக, இன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்குள் அவள் ஆஸ்பத்திரி உதவியாளரா செக்கிங்காரியா என்பது முடிவாகிவிடும். முதல் தடவை இருபத்தொன்பது, இரண்டாம் தடவை முப்பத்தேழு. படிக்காமல் போன மார்க் இல்லை அது, அதுதான் வயிற்றெரிச்சல். பாடம் நடத்துகிற ஜெனிதா மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயசுதான், கலாமணிக்கு லேட்டாகப் பிறந்த தங்கச்சி மாதிரி இருப்பாள். திருத்தி வந்த பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். “அக்கா, இதைப் பாருங்க. சரி. இதுவும் சரி. ஏனக்கா முழுப் பக்கத்தையும் அடிச்சு வெச்சிருக்கீங்க?” “அதுல ஒரு தப்பு இருந்துச்சுங்க மிஸ்.” “ஒரு வரிதானக்கா தப்பு?” “தப்பு இருந்தா பீஸ் போச்சுங்களே மிஸ்.” மிஸ் சிரிக்கவில்லை, நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஏழு பக்கம் அடித்திருந்தாளாம் முதல் தடவை. அடிக்காமல் விட்டிருந்தால் ஐம்பது தாண்டியிருக்குமாம். “தப்பான வரி மேல ஒரு கோடு, ஒரே ஒரு கோடு போடுங்க, போதும். பக்கத்தைத் தொடாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க.” இருபத்தாறு வயசுப் பிள்ளையின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறாள் கலாமணி.

எழுத ஆரம்பித்தாயிற்று. ஒரு மார்க் கேள்விகள் பத்தும் சுலபம். மனித உடலில் எலும்பு இருநூற்றாறு, சாதாரணமாக நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபதிலிருந்து நூறு. நாடி என்றதும் இடது கை தன்பாட்டில் போய் வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது, குதிரை ஓடுகிறது அங்கே, நூறெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். முன் பெஞ்சில் கருப்பணன் அண்ணன். தனியார் பஸ்ஸில் இருபத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்து முழங்கால் போய் இறங்கியவர். கேள்வித்தாளை டிக்கெட் கட்டு மாதிரி நீளவாக்கில் மடித்து இடது கை விரல் இடுக்கில் செருகிக்கொண்டு, ஒரு கேள்வி முடிந்ததும் வாய்க்குள் ‘ரைட்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார். மனுஷனுக்கு எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமே இல்லை, போன ஸ்டாப்பிங் போனதுதான். அவர் பாஸாகிவிடுவார். தப்புத் தப்பாக எழுதியே பாஸாகிவிடுவார். இந்த எண்ணம் வந்ததும் கலாமணிக்கு அவர் முதுகைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளலாம் போல இருந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது, காலையில் அவர்தான் ஒரு பேனா கூடுதலாக வாங்கி வந்து, “வெச்சுக்கம்மணி, நடுவுல மக்கர் பண்ணுனா என்ன பண்ணுவே?” என்று கொடுத்தார். ஐந்து மார்க் கேள்விகளும் வரிசையாகப் போயின. ரத்த ஓட்டம், தீக்காயம், தண்ணீரில் விழுந்தவர். அடிப்பதற்குக் கை இரண்டு தடவை துறுதுறுத்தது, இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கோட்டோடு நிறுத்தினாள். பரவாயில்லையே கலாமணி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள், நாலு வரி தாண்டியிருக்காது, மெச்சினது தப்போ, கண்ணு பட்டுருமோ என்று உள்ளுக்குள் மூன்று தடவை துப்பிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் மொபெட்டோடு நிற்பார். மூன்று மணி நேரமும் நிற்பார். ஐம்பது வயசிலும் அடர்ந்த முடி அந்த மனுஷனுக்கு, ஒரு வெள்ளை தெரியவிடாமல் மாசத்துக்கு இரண்டு தடவை மை போட்டு, சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு திரிகிற ஆள். அவள் இரண்டாம் தடவை ஃபெயிலான அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், “பாரு புள்ள, நீ மட்டும் அந்த மூணாம் பேப்பர்ல பாஸாயிட்டீன்னா நான் சிவன்மலையில போயி மொட்டை அடிச்சுக்கறேன்.” பந்தயம் கட்டினாரா, வேண்டிக்கொண்டாரா, கேலி செய்தாரா? ஆறு மாசமாக யோசிக்கிறாள், இன்னும் பிடிபடவில்லை.

பதினேழாம் கேள்வி. ‘வலிப்பு வந்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவியை விவரிக்க. செய்யக் கூடாதவற்றையும் குறிப்பிடுக.’ பத்து மார்க். மணி பதினொன்று பத்து. வரும் என்று தெரியும், வரணும் என்றுதான் வேண்டிக்கொண்டாள், வந்ததும் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முந்தி இதே பதினொன்று பத்துக்குத்தான், கம்பெனி டீ டைமில், செண்பகா விழுந்தாள். வேடசந்தூர்ப் பக்கமிருந்து வந்த பிள்ளை, பத்தொன்பது வயசு, மெஷினில் உட்கார்ந்தால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைக்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினது, அப்படியே சரிந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை. எல்லாரும் கத்தினார்கள். காக்கா வலிப்பு, காக்கா வலிப்பு, இரும்பைக் குடுங்க, கையில இரும்பைக் குடுங்க. யார் சாவியும் கிடைக்கவில்லை. கலாமணியின் கழுத்தில் நாடாவில் டிரிம்மர் தொங்கியது, பிசிறு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, இரும்புதானே, அதைக் கழற்றி அந்தப் பிள்ளையின் வலது கையில் வைத்து விரலை மூடி அழுத்திப் பிடித்தாள். நல்லது செய்கிறோம் என்றுதான் பிடித்தாள். சாமி சத்தியமாக நல்லது என்றுதான் நினைத்தாள். வலிப்பில் அந்தக் கை எப்படி இறுக்கியது! இறுக்க இறுக்கச் சரியாகிவருகிறது என்று நினைத்து இவளும் சேர்த்து இறுக்கினாள். ரத்தம் விரலிடுக்கில் வந்த பிறகுதான் விட்டாள். ஆஸ்பத்திரியில் டூட்டி நர்ஸ் ஒருத்தி அந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “யாருங்க இதைக் கையில குடுத்தது? இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்குக்கூடவா தெரியல?” ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் பேசவில்லை. கலாமணியும் பேசவில்லை. ஒன்பது தையல். சுண்டு விரல் அதற்கப்புறம் மடங்கவில்லை என்று கேள்வி, பிள்ளை ஊருக்கே போய்விட்டது. போன வருஷம் ஒரு தடவை போன் பண்ணினது, “நல்லாருக்கேன்க்கா, எங்க ஊர்லயே துணிக்கடைல நிக்கறேன், மாத்திரை போடறேன், இப்பல்லாம் வர்றதில்லக்கா.” அக்கா அக்கா என்று நாலு வார்த்தைக்கு ஒரு தடவை கூப்பிட்டது. அப்போதும் இவள் சொல்லவில்லை, அது நான்தான் கண்ணு என்று. மயக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் மறந்துவிட்டார்கள், தெரிந்தும் மறக்காமலும் இருப்பது ஒரே ஒருத்தி. அந்த ஒருத்திதான் சமுதாயக் கல்லூரி நோட்டீஸைக் கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்தபோது நின்று இரண்டு தடவை படித்தது.

எழுது, எழுது, இதைத்தானே எழுத வந்தாய் என்று பேனாவைப் பிடித்தாள். ஒன்று, சுற்றியுள்ள கூர்மையான, கடினமான பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு, தலைக்கு அடியில் மெத்தென்ற துணியை வைக்க வேண்டும். மூன்று, கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்த வேண்டும். நான்கு, கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்து, வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. எழுத்து முத்து முத்தாக வந்தது, கை வேகம் எடுத்துவிட்டது, ஆறு, ஏழு, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எட்டு, எவ்வளவு நேரம் வலிப்பு நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும், ஒன்பது, நினைவு திரும்பும் வரை உடனிருந்து தைரியம் சொல்ல வேண்டும். பக்கம் நிறைந்தது. ஒரு மூச்சு விட்டு, பழக்க தோஷம், மேலிருந்து கீழே கண்ணால் ஒரு சுற்று வந்தாள். ஆறாவதில் கண் நின்றது. ‘ஆறு, நோயாளியின் கையில் இரும்பைக் கொடுத்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.’ அவள் கையெழுத்துதான். எப்போது எழுதினாள்? யார் எழுதியது? கொடுக்கக் கூடாது என்று மனசு சொல்லச் சொல்ல, கை பழையதை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஜெனிதா மிஸ்ஸும் இல்லை சத்தியமும் இல்லை, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது கலாமணிக்கு, பேனாவைக் குத்திப் பிடித்து மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இன்னொரு கோடு, தாள் கிழிகிற அளவுக்கு. பக்கத்து பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். மணி பதினொன்று நாற்பது.

சரி, அடித்தாயிற்று, திரும்ப எழுது. அடுத்த பக்கம். ஒன்று, சுற்றியுள்ள கூர்மையான. கூர்மையான என்ற இடத்தில் பேனா தயங்கியது, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறாவது எண்ணைப் போட்டுப் புள்ளி வைத்தாள், நின்றுவிட்டாள். எழுத வேண்டியது என்னவென்று தெரியும், நாலே வார்த்தை, கையை நம்பத்தான் முடியவில்லை. இந்தக் கைதானே கொடுத்தது. இந்தக் கைதானே இப்போதும் எழுதியது. ஒரு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, மறுபடி எழுதி, மறுபடியும் எழுதி, என்னத்தை மாற்றிவிட்டாய் இதை? நாளைக்கே வார்டில் ஒருத்தருக்கு வலிப்பு வந்தால் இது எதைத் தேடும்? பேசாமல் எழுந்து போய்விடலாம். தாளைக் கொடுத்துவிட்டு, படியிறங்கி, மொபெட்டில் ஏறி உட்கார்ந்து போகலாம்ங்க என்றால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார், முடி தப்பித்தது என்று சந்தோஷம்கூடப் படுவார். திங்கட்கிழமை செக்கிங் டேபிள். அங்கேயும்தான் என்ன வாழுது, கண் மங்கிக்கொண்டு வருகிறது, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போனால் இப்போதெல்லாம் விரலால் தடவித்தான் தெரிகிறது, சூப்பர்வைசர் போன வாரம் ஒரு பீஸைக் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் பயிற்சிக்குப் போன அந்த வார்டில், அது எப்படி அந்த வார்டில் மட்டும், ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு பெரியவர், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, எல்லாரும் பாட்டிலையே பார்த்தார்கள், இவள் தாண்டிப் போகும்போது அவர் கையைப் பார்த்தாள், ஊசி குத்தின இடத்துக்கு மேலே லேசாக உப்பல், லேசாகத்தான், ஒரு தையல் மடிப்பு அளவுக்கு. போய்ச் சொன்னாள். பெரிய நர்ஸம்மா ஓடிவந்து ஊசியை மாற்றிவிட்டு இவள் மோவாயைப் பிடித்து ஆட்டினார். “நல்ல கண்ணும்மா உனக்கு. இந்தக் கண்ணுதான் எங்களுக்கு வேணும்.” அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது கலாமணி தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், மகள் வந்து அம்மாவுக்கு என்னமோ ஆச்சு என்று அப்பாவிடம் போய்ச் சொன்னது. உப்பலைப் பார்த்ததும் இதே உடம்புதான். டிரிம்மரைக் கொடுத்ததும் இதே உடம்புதான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? ஆறு, புள்ளி. ஆறு, புள்ளி. புள்ளி மேலேயே பேனா நின்று மை ஊறிக் குட்டியாக ஒரு வட்டம் ஆகிவிட்டது.

கருப்பணன் அண்ணன் சத்தமாகவே ‘ரைட்’ என்றுவிட்டார், மேடம் “ஐயா, சத்தம்” என்றார், அந்தச் சத்தத்தில்தான் கலாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. நாற்பது நிமிஷம், நாற்பது நிமிஷம் ஒரு புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறாள் கூறுகெட்டவள். இன்னும் இரண்டு பத்து மார்க் கேள்வி தொடவே இல்லை. இருக்கிற நேரம் அந்த இரண்டுக்கே இழுபறி, இதையும் திரும்ப எழுதினால் அதில் ஒன்று போகும், எழுதாவிட்டால் இது போகும், பத்து மார்க் எந்தப் பக்கம் போனாலும் முப்பத்தேழுதான், மறுபடியும் அதே முப்பத்தேழு. பக்கத்தைத் திருப்பி அடித்ததைப் பார்த்தாள். பெருக்கல் குறிக்கு அடியில் ஒன்பது பாயிண்டும் அப்படியே இருந்தன, ஒன்றும் போய்விடவில்லை. ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று, நான்கு, ஐந்து சரி. ஆறு தப்பு. ஏழு சரி. எட்டு, ஒன்பது சரி. இப்படி ஒரு பீஸ் டேபிளுக்கு வந்தால் என்ன செய்வாய் கலாமணி? அம்பு ஒட்டுவேன். ஒட்டி? ஓரமாகப் போடுவேன். ஓரமாக எதில்? அங்கேதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூடை ஒன்றா, இரண்டல்லவா! ஒன்று ரிஜெக்ட், இன்னொன்று ஆல்டர். துணியே ஓட்டையானால்தான் ரிஜெக்ட். தையல் விட்டது, கோணல் தையல், நூல் மாறினது எல்லாம் ஆல்டர், அந்த ஒரு தையலை மட்டும் பிரித்து மறுபடி ஓட்டி, மறுநாள் தேய்த்து மடித்துப் பெட்டியில் போய்விடும், கப்பலேறி எந்தச் சீமைக்காரனோ போட்டுக்கொண்டு திரிவான். ஒரு நாளைக்கு நூறு பீஸில் அம்பு ஒட்டினால் தொண்ணூற்றைந்து ஆல்டருக்குத்தான் போகும். அத்தனை வருஷம் அத்தனை பீஸுக்கும் அந்தக் கூடை இருந்தது. இவள் எழுதினதுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. எழுதினதுக்கு மட்டுமா? ஒரு நிமிஷம் தெரியாமல் செய்ததற்கு நாலு வருஷமாக முழு ஆளையும் மூலைக்கு மூலை அடித்துவைத்திருக்கிறாளே, அதுக்கு? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தாளில் விழுந்துவிடாமல் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள், முந்தானை விலகினதும் ஜாக்கெட் கையில் சிவப்பு அம்பு எட்டிப் பார்த்தது.

எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று எழுந்த பிறகுதான் யோசித்தாள். மேடம் பக்கத்தில் வந்தார். “என்னம்மா, அடிஷனல் ஷீட்டா?” “இல்லைங்க மேடம்.” தாளைத் தூக்கிக் காட்டினாள். “ஒரு பக்கத்தை அடிச்சுப்போட்டேனுங்க. தப்பா அடிச்சுப்போட்டேன். அடிச்சதை அடிக்கலைன்னு சொல்றதுக்கு வழி இருக்குதுங்களா?” மேடம் தாளை வாங்கிப் பார்த்தார், கோட்டின் அழுத்தத்தையும் பார்த்தார், இவள் முகத்தையும் பார்த்தார். “அழகா எழுதியிருக்கீங்களேம்மா, ஏன் இப்படிப் பண்ணீங்க?” “பழக்கமுங்க.” “மேல எழுதுங்க, இந்தப் பக்கம் செல்லும், திருத்தவும்னு. திருத்தறவங்க பார்த்துக்குவாங்க.” “நானே எழுதலாமுங்களா?” “வேற யாரு எழுதுவா? உங்க பேப்பர்தானே?” “நீங்க ஒரு கையெழுத்து...” “என் கையெழுத்தெல்லாம் வேண்டாம்மா. நீங்க சொன்னாப் போதும்.” சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கென்ன, போய்விட்டார். கலாமணி உட்கார்ந்து அந்த வெற்று ஓரத்தைப் பார்த்தாள். சூப்பர்வைசர் வரமாட்டார். யாரும் வரமாட்டார்கள். முதலில் ஆறாவது வரி, அதன் மேல் ஒரு கோடு, ஜெனிதா மிஸ் சொன்ன மாதிரி ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே இடுக்கில் பொடி எழுத்தில், ‘கையில் இரும்போ வேறு எந்தப் பொருளோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் காயம் ஏற்படும்.’ கை ஒன்றும் மாற்றி எழுதவில்லை, சொன்னதை எழுதியது. பிறகு பக்கத்தின் தலையில், நல்ல பெரிய எழுத்தில், ‘இந்தப் பக்கம் செல்லும். தயவுசெய்து திருத்தவும்.’ எழுதிவிட்டு ஒரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். தயவுசெய்து என்பதை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு மிதப்பு வந்தது, சரி இருந்துவிட்டுப் போகட்டும், மரியாதைதானே. பாதியில் நின்றிருந்த இரண்டாவது பிரதிக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் பதினெட்டாம் கேள்விக்குப் பாய்ந்தாள். படுக்கைப் புண் வராமல் தடுக்கும் முறைகள். பாரேன், இது வார்டில் தினமும் செய்தது. இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. சுருக்கமா, கலாமணியிடமா! விரிப்பைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினாள். பத்தொன்பதாவதைத் தொடும்போது பன்னிரண்டு ஐம்பது, எழுத்து கோழிக் கிறுக்கலாக ஓடியது, தப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, மறுபடி தப்பு, மறுபடி ஒரு கோடு, அண்ணன் மாதிரி வாய்க்குள் ரைட் ரைட் என்றுகொண்டே ஓடினாள். மணி அடித்தபோது கடைசி வரி பாதியில் நின்றது. நிற்கட்டும், பாதி வரிக்கு யாரும் கழுத்தைச் சீவிவிடப் போவதில்லை.

படியில் இறங்கும்போது தலை லேசாக இருந்தது. கருப்பணன் அண்ணன் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே, “எப்படி அம்மணி?” என்றார். வழக்கமாக இந்த இடத்தில் கலாமணி சொல்வது ஒன்றுதான், எல்லாம் போச்சுங்கண்ணா. வாய் அதைச் சொல்லத் திறந்தது. போச்சா? முதல் பக்கத்திலிருந்து மனசுக்குள் ஒரு சுற்று வந்தாள். இங்கே கொஞ்சம் விட்டிருக்கிறது, அங்கே கோணல், கடைசியில் பிசிறு. துணி ஓட்டையில்லை. “ஆல்டருக்கு இருக்குதுங்கண்ணா, ரிஜெக்ட் இல்லை,” என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, “ரைட்” என்றார். சாயங்காலம் செண்பகாவுக்குப் போன் பண்ண வேண்டும், அது நான்தான் கண்ணு என்று சொல்ல வேண்டும், பிள்ளை திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை சொல்லத்தான் போகிறாள். வெளியே நல்ல வெயில். வேப்பமரத்தடியில் சென்னியப்பன் மொபெட் கண்ணாடியில் குனிந்து முடியைச் சீவிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் சீப்பைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், அவர் முகத்தில் பயம் எழுதி ஒட்டியிருந்தது, இத்தனை நேரமும் அந்தப் பயத்தோடுதான் நின்றிருக்கிறார் மனுஷன். அந்த மொட்டைப் பேச்சு கேலியுமில்லை பந்தயமுமில்லை, வேண்டுதல்தான். இது தெரிய ஆறு மாசம் ஆகியிருக்கிறது அவளுக்கு. “என்ன புள்ள ஆச்சு?” என்றார் மெதுவாக. கலாமணி தண்ணீரைக் குடித்து முடித்தாள். ஜாக்கெட் கையிலிருந்த அம்பை நகத்தால் நெம்பிப் பிய்த்தாள், சுலபமாகத்தான் வந்தது. அவர் தோளில் தூசு தட்டுகிற மாதிரி கையைக் கொண்டுபோய்ச் சட்டைக் காலரின் பின்பக்கத்தில், கூர்முனை மேலே தலையைப் பார்க்கிற மாதிரி வைத்து ஒட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். “என்ன புள்ள இது?” “அதை யாரும் எடுக்கக் கூடாதுங்க. ரிசல்ட்டு வர இருபது நாளாகும். அதுவரைக்கும் ஆசை தீரச் சீவிக்குங்க.” புரிந்ததும் அவர் கை தன்னால் தலைக்குப் போனது, போனதை இறக்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், வண்டியைக் கிளப்பின பிறகும் அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்த கலாமணிக்குக் கண்ணுக்கு நேரே காலரில் அம்பு. லேசாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள், பிறகு போகட்டும் என்று அவர் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.